விட்டு விட்டு வரும் பிழை

(ஜூலை மாதப் பொதுக்குழுக் கூட்டத்தில் நம் குடியிருப்பைச் சேர்ந்த உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர முடியாத பலர் கேட்டதால் இந்த இதழில் வெளியிடுகிறோம். – ஆசிரியர் குழு)



தலைவர் எனக்கு இருபது நிமிடம் கொடுத்திருக்கிறார். பின்னால் காபி தயாராகிறது என்பது வாசனையிலேயே தெரிகிறது, அதனால் நீட்ட மாட்டேன். நான் கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை என்பது உங்களில் பெரும்பாலோருக்குத் தெரியும். ஒரு தொழிற்சாலையில் முப்பது வருடத்துக்கு மேல் மின்பராமரிப்பு பார்த்து ஓய்வு பெற்றவன். நம் அலுவலக சர்வர் ஏன் மூன்று மாதம் படுத்தியது, அதை எப்படிக் கண்டுபிடித்தோம் என்பதைச் சொல்லத்தான் எழுந்திருக்கிறேன். அதோடு சொல்ல வேண்டிய இன்னொரு விஷயமும் இருக்கிறது. அது நடுவில் தானாக வரும்.

முதலில், நம்மிடம் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். 'சர்வர்' என்றதும் பெரிய கண்ணாடி அறை, ஏசி, நீல விளக்கு என்று நினைக்க வேண்டாம். அலுவலக பீரோவுக்குப் பக்கத்தில் ஒரு பழைய டெஸ்க்டாப் டப்பா, மானிட்டர்கூடக் கிடையாது. அதில் உபுண்டு ஓடுகிறது. அதற்குள் மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸ். நம் பராமரிப்புக் கட்டணம், ரசீது, வீட்டு வாரியாக நிலுவை, கேட்டில் வருகைப் பதிவு எல்லாம் அந்த ஒரு டப்பாவுக்குள்தான். அதோடு பேசுகிறவர்கள் நான்கு பேர். அலுவலகக் கணினி, முன் கேட், பின் கேட், அப்புறம் லாபியில் தொங்கும் அறிவிப்பு டிவி. அந்த டிவியின் பின்னால் ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. தண்ணீர் லாரி எப்போது வரும், சம்ப்பில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதை டேட்டாபேஸிலிருந்து எடுத்துக் காட்டுவது அதுதான்.

ஒரு சின்னத் தகவல், நான் ரசித்தது. மைஎஸ்க்யூஎல்-இல் வரும் 'மை' ஆங்கிலத்தில் 'என்னுடைய' என்ற பொருளில் வருவது என்றுதான் நினைத்திருந்தேன். அதை உருவாக்கியவர்களில் ஒருவரான பின்லாந்துக்காரர் மைக்கேல் விடேனியஸின் மகள் பெயராம் அது. பிற்பாடு அதிலிருந்து பிரித்து உருவாக்கிய மரியாடிபிக்கு இளைய மகள் மரியாவின் பெயரை வைத்தார். வீட்டுக்கு 'மகள் இல்லம்' என்று பெயர் வைக்கிற ஊர்க்காரர்கள் நாம், நமக்கு இது புரியும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஏப்ரல் கடைசியில் அலுவலகக் கணினியில் ஒரு பிழை வர ஆரம்பித்தது. திரையில் ஒரே ஒரு வரி: 'டேட்டாபேஸ் இணைப்புப் பிழை'. சில நாள் வரும், சில நாள் வராது. வந்தால் சர்வரை ஆஃப் செய்து ஆன் செய்வோம். உடனே சரியாகிவிடும். அதனால் யாரும் கவலைப்படவில்லை, நானும்தான்.

இங்கே என் தொழில் அனுபவத்தைக் கொஞ்சம் சொல்ல விடுங்கள். மோட்டார் எரிந்துபோனால் பராமரிப்புக்காரனுக்கு நிம்மதி. மீட்டரை வைத்தால் தெரிந்துவிடும், மாற்றிவிடலாம். விட்டு விட்டு வரும் கோளாறுதான் தூக்கத்தைக் கெடுக்கும். நீங்கள் பார்க்கப் போகும்போது அது நல்ல பிள்ளையாக இருக்கும், கருவியைப் பையில் வைத்துத் திரும்பியதும் நின்றுவிடும். இதில் மோசமானது என்னவென்றால், தட்டினால் ஓடும் என்று தெரிந்த இயந்திரத்தை எல்லோரும் தட்டிக்கொண்டே இருப்பார்கள், யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள். ரீஸ்டார்ட் என்பது தட்டுவதுதான். தட்டும்போது தடயமும் சேர்ந்து போய்விடும்.

மே மாதக் கணக்கை ஜூன் முதல் வாரம் கமிட்டியில் பார்த்தோம். கம்ப்யூட்டர் ரசீதுகளின் மொத்தத்துக்கும் வங்கியில் கட்டிய பணத்துக்கும் 14,000 ரூபாய் வித்தியாசம். அதாவது ரசீது அதிகம், பணம் குறைவு. ரொக்கமாகக் கொடுப்பவர்கள் நம்மில் இன்னும் நிறையப் பேர் இருக்கிறோம், பெரும்பாலும் என் வயதுக்காரர்கள். அந்தப் பணத்தை வாங்கி, கையால் ஒரு ரசீது எழுதிக் கொடுத்து, பிறகு கணினியில் பதிவது நம் அலுவலக அம்மாவின் வேலை. கேள்வி நேராக அவரிடம் போனது.

அவர் சொன்னது இதுதான்: "சார், சாயங்காலம் ஆனா எர்ரர் வருது சார். அதுலதான் ஏதோ ஆகுது." கமிட்டியில் ஒருவர் கேட்டைக் கூப்பிட்டு விசாரித்தார். கேட்டில் காவலர் சொன்னார், "எங்களுக்கு நல்லாத்தான் சார் இருக்கு, ஒரு பிரச்சினையும் இல்ல." நம் சி பிளாக் தம்பி, ஐடியில் இருப்பவர், நல்ல பிள்ளை, ஒரு மாலை நேரத்தில் சர்வரிலேயே உட்கார்ந்து இணைத்துப் பார்த்தார். பட்டென்று இணைந்தது. அவரும் "சர்வர் ஓகே அங்கிள்" என்றார்.

கேட்டுக்கு வரவில்லை, சர்வரில் சோதித்தால் வரவில்லை, பணம் வாங்குகிற ஒருவருக்கு மட்டும், அதுவும் பணம் வாங்குகிற நேரத்தில் மட்டும் வருகிறது. இதிலிருந்து எந்த முடிவுக்குப் போவீர்கள்? நாங்களும் அங்கேதான் போனோம். மாதம் 2,000 ரூபாய் வீதம் அவர் சம்பளத்தில் பிடிப்பது என்று முடிவாயிற்று. அவர் மறுத்துப் பேசவில்லை. "சரி சார்" என்றார். அந்தத் தீர்மானத்தில் என் கையெழுத்தும் இருக்கிறது. எனக்கு மனதுக்குள் ஒரு நெருடல் இருந்தது என்று இப்போது சொன்னால் அது பொய். அன்றைக்கு நெருடவில்லை. மூன்று நாள் கழித்து ரசீதுப் பட்டியலை வேறு ஏதோ காரணத்துக்காகப் பார்த்தபோதுதான் நெருடியது.

பி பிளாக்கில் ஒரு வீட்டுக்கு ஒரே நாளில் இரண்டு ரசீது. இரண்டும் 3,500. நேரம் பார்த்தால் ஒன்று மாலை 4.22, இன்னொன்று 4.41. அந்த வீட்டுக்காரரைக் கேட்டேன். "நான் ஒரு தடவைதான் கொடுத்தேன், ஏன் இரண்டு தடவை கொடுக்கப் போகிறேன்?" என்றார். அவருடைய நிலுவைக் கணக்கைப் பார்த்தேன். அங்கே ஒரே ஒரு 3,500-தான் கழிந்திருந்தது. ரசீது இரண்டு, கழிவு ஒன்று. இதைப் போல எத்தனை என்று தேடினால் நான்கு. நான்கு மூவாயிரத்து ஐந்நூறு எவ்வளவு என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

பணம் எங்கேயும் போகவில்லை. வராத பணத்துக்கு ரசீது விழுந்திருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் ஏன் விழுந்தது என்று தெரியாமல் போய்ச் சொன்னால், "அந்த அம்மா தவறுதலாக இரண்டு தடவை அமுக்கியிருப்பார்" என்று முடித்துவிடுவார்கள். அதுவும் அவர் தலையில்தான் விழும். அதனால்தான் முழுசாகத் தெரிந்தாக வேண்டும் என்று உட்கார்ந்தேன்.

முதல் வேலையாக நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். பிழை வந்தால் தேதி, நேரம், எந்தக் கணினி, அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று எழுத வேண்டும், எழுதின பிறகுதான் ரீஸ்டார்ட். இரண்டாவது வேலை தம்பிக்கு. நம் அலுவலக மென்பொருள் எல்லாப் பிழைக்கும் ஒரே வாசகத்தைக் காட்டுகிறது. உள்ளே டேட்டாபேஸ் ஒரு எண் சொல்லியிருக்கும், அதை மறைத்துவிட்டு 'இணைப்புப் பிழை' என்று பொதுவாகப் போடுகிறது. டாக்டரிடம் போய் 'உடம்பு சரியில்லை' என்று மட்டும் சொல்வது மாதிரி. அந்த எண்ணைத் திரையில் காட்டச் சொன்னேன். தம்பி அரை மணி நேரத்தில் மாற்றிக் கொடுத்தார்.

அந்த எண் எவ்வளவு பேசும் என்று எனக்கு அதுவரை தெரியாது. 2003 என்றால் சர்வர் இருக்கும் முகவரிக்குப் போய்க் கதவைத் தட்டியும் இணைய முடியவில்லை. 1045 என்றால் ஆள் இருக்கிறார், உங்கள் பெயரோ பாஸ்வேர்டோ சரியில்லை என்று திருப்பி அனுப்புகிறார். 2006 என்றால் முன்பே பிடித்து வைத்திருந்த இணைப்பை, நீங்கள் சும்மா இருந்த நேரத்தில் சர்வர் துண்டித்துவிட்டது. 1040 என்றால் 'உள்ளே இடமில்லை, எல்லா நாற்காலியும் நிரம்பிவிட்டது'. நான்குக்கும் நான்கு வேறு வைத்தியம். உங்கள் வீட்டிலோ கடையிலோ இப்படி ஒரு சர்வர் வைத்திருந்தால் முதலில் எண்ணைப் பாருங்கள், இல்லாவிட்டால் இருட்டில் துழாவ வேண்டியதுதான்.

மறுநாள் மாலையே எண் விழுந்தது. 1040.

இடமில்லை என்றால் எத்தனை இடம்? மைஎஸ்க்யூஎல்-இல் நாம் எதையும் மாற்றாவிட்டால் ஒரே நேரத்தில் 151 இணைப்புகள். நம்மிடம் இருப்பதோ நான்கு பேர். நான்கு பேருக்கு 151 நாற்காலி எப்படிப் போதாமல் போகும்? தம்பி "எண்ணிக்கையை 500 ஆக்கிடலாம் அங்கிள்" என்றார். நான் வேண்டாம் என்றேன். ஓவர்ஹெட் டேங்க் எங்கேயோ ஒழுகிக் காலியாகிறது என்றால் பெரிய டேங்க் வைப்பது தீர்வா? அந்த டப்பாவில் இருப்பது 4 ஜிபி நினைவகம், ஒவ்வொரு இணைப்பும் அதில் கொஞ்சம் தின்னும். 500 வைத்தால் பிழை இரண்டு மாதம் ஒளிந்திருந்து பிறகு வேறு உருவத்தில் வரும்.

நோட்டில் ஒரு வாரத்துக்குப் பதிவு சேர்ந்தது. பெரும்பாலும் மாலை நாலரையைச் சுற்றி. 4.25, 4.28, 4.24. ஒரே ஒரு நாள் 6.05. ஞாயிறு வரவில்லை. நான் மாலை நேரத்தில் என்ன நடக்கிறது என்று தேடினேன். சம்ப் மோட்டார் போடும் நேரமா, லிஃப்ட் அதிகம் ஓடும் நேரமா, மின்னழுத்தம் குறைகிறதா என்று. என் பழைய புத்தி, எல்லாவற்றையும் கரண்டாகவே பார்க்கும். இரண்டு நாள் வீணானது.

கண்டுபிடித்தது அலுவலக அம்மா. நோட்டை எழுதிக்கொண்டே சொன்னார்: "சார், அன்னைக்கு ஆஸ்பத்திரி போயிட்டு லேட்டா வந்தேன்ல, பத்தே முக்காலுக்கு. அன்னைக்குத்தான் சார் ஆறு மணிக்கு வந்திருக்கு. மத்த நாள் ஒம்பதுக்கு வந்தா நாலரைக்கு வருது."

ஒன்பதிலிருந்து நாலரை, ஏழரை மணி நேரம். பத்தே முக்காலிலிருந்து ஆறு, ஏறக்குறைய அதே. பிழை வருகிற நேரத்தை நான் கடிகாரத்தில் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தான் வந்த நேரத்திலிருந்து எண்ணியிருக்கிறார். அவர் வந்ததும் முதலில் என்ன செய்வார்? அலுவலகத்தைத் திறப்பார், கணினியைப் போடுவார், லாபி டிவியைப் போடுவார். இரவு பத்து மணிக்குக் காவலர் டிவியையும் பெட்டியையும் சுவிட்சிலேயே அணைப்பார். ஞாயிறு அலுவலகம் விடுமுறை, டிவி போடுவதில்லை.

அன்று மாலை பிழை வந்ததும் ரீஸ்டார்ட் செய்ய விடவில்லை. தம்பி நிர்வாகி கணக்கில் உள்ளே போய், இப்போது யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று காட்டும் கட்டளையைக் கொடுத்தார். 'ஷோ பிராசஸ்லிஸ்ட்' என்று பெயர். திரையில் ஒரு பெரிய பட்டியல் ஓடியது. எல்லாவற்றுக்கும் நேராக 'ஸ்லீப்' என்று இருந்தது, அதாவது உறங்குகிறது. முன் கேட் ஒன்று, பின் கேட் ஒன்று. மீதி அத்தனையும் ஒரே முகவரியிலிருந்து, லாபி டிவிப் பெட்டி. எத்தனை வினாடியாக உறங்குகிறது என்ற பத்தியைப் பார்த்தால் 180 வித்தியாசத்தில் வரிசையாகப் போகிறது, வாய்ப்பாடு ஒப்பித்த மாதிரி. மூன்று நிமிடத்துக்கு ஒன்று.

அந்தப் பெட்டியில் ஓடும் சின்ன நிரல், ஒவ்வொரு தடவையும் தகவல் எடுக்கப் புதிதாக ஒரு இணைப்பைத் திறக்கிறது, எடுத்த பிறகு மூடுவதில்லை. அடுத்த தடவை இன்னொன்று. மூடாத இணைப்பை மைஎஸ்க்யூஎல் தானாக எப்போது வெட்டும் என்றால், மாற்றாமல் விட்டால் 28,800 வினாடி, அதாவது எட்டு மணி நேரம் கழித்து. கணக்குப் போடுங்கள். மூன்று நிமிடத்துக்கு ஒன்று, மணிக்கு 20. எட்டு மணி நேரத்தில் 160 ஆக வேண்டும், ஆனால் இடம் 151. முதலில் உட்கார்ந்தவர் எழுந்து போகும் முன்பே கூடம் நிரம்பிவிடுகிறது. எட்டு மணி நேரம் ஆன பிறகு மூன்று நிமிடத்துக்கு ஒருவர் எழுவார், உடனே டிவி இன்னொருவரை உட்கார வைத்துவிடும். இடையில் யாராவது நுழைந்தால் இடம் கிடைக்கும், தாமதித்தால் கிடைக்காது. விட்டு விட்டு வந்ததன் ரகசியம் இவ்வளவுதான்.

இப்போது மற்றதெல்லாம் தானாக அவிழ்ந்தது. கேட்டில் ஏன் பிழை வரவில்லை? கேட் மென்பொருள் காலையில் ஒரு இணைப்பைப் பிடித்தால் விடாமல் வைத்துக்கொள்கிறது. அதன் நாற்காலி அதனிடமே இருக்கிறது. தம்பி சோதித்தபோது ஏன் வரவில்லை? 151 நிரம்பினாலும் நிர்வாகிக்கு என்று ஒரு இடத்தை மைஎஸ்க்யூஎல் தனியாக வைத்திருக்கிறது, இந்த மாதிரி நேரத்தில் உள்ளே வந்து பார்ப்பதற்காகவே. தம்பி அந்தக் கணக்கில் போனதால் அவருக்குக் கதவு எப்போதும் திறந்தது. இன்னொன்றும் உண்டு. சர்வரிலேயே உட்கார்ந்து 'லோக்கல்ஹோஸ்ட்' என்று இணைத்தால் லினக்ஸில் அது நெட்வொர்க் வழியாகப் போவதே இல்லை, உள்ளுக்குள்ளேயே ஒரு சாக்கெட் கோப்பு வழியாகப் போய்விடும். வாசலில் அடைப்பா என்று பார்க்கச் சமையலறைக்குள் நடந்து பார்த்த மாதிரி. சோதனை செய்தால் பாதிக்கப்பட்டவரின் கணினியிலிருந்து, அவருடைய கணக்கில் செய்ய வேண்டும்.

டிவியில் ஏன் யாருக்கும் தெரியவில்லை? இடம் கிடைக்காவிட்டால் அது பழைய படத்தையே காட்டிக்கொண்டிருக்கும். யார் கண்டுபிடிப்பார்கள்?

ரசீது ஏன் இரண்டு விழுந்தது என்பதுதான் முக்கியம். அலுவலக மென்பொருள் ஒரு ரசீதைச் சேமிக்க இரண்டு படி செய்கிறது. முதல் படியில் ரசீதை எழுதும். இரண்டாவது படியில் அந்த வீட்டின் நிலுவையைக் கழிக்கும். இரண்டுக்கும் தனித்தனி இணைப்பு, அதுவும் முதலாவதை மூடாமலே இரண்டாவதைத் திறக்கும். கூடத்தில் ஒரே ஒரு நாற்காலி மிச்சமிருக்கும் அந்த மூன்று நிமிடத்தில் யாராவது சேமித்தால், முதல் படிக்கு இடம் கிடைக்கும், ரசீது எழுதப்பட்டுவிடும். இரண்டாவது படிக்கு இடமில்லை. திரையில் 'பிழை'. பிழை என்று வந்தால் பதியவில்லை என்றுதானே எவரும் நினைப்பார்கள்? ரீஸ்டார்ட் செய்துவிட்டு மறுபடி பதிவார். இரண்டாவது ரசீது. அவர் செய்ததில் ஒரு தவறும் இல்லை. அந்த இடத்தில் நான் இருந்தாலும் நீங்கள் இருந்தாலும் அதையேதான் செய்திருப்போம்.

இப்போது நான் முதலில் சொன்ன அந்த இன்னொரு விஷயம். மார்ச் வரை இந்தப் பிழை கிடையாது. டிவி நிரல் அப்போதும் இணைப்பை மூடாமல்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவைதான் தகவல் எடுத்தது. மணிக்கு 12, எட்டு மணி நேரத்துக்கு 96. கூடம் நிரம்பவே நிரம்பாது. ஏப்ரலில் தண்ணீர்த் தட்டுப்பாடு வந்தபோது, லாரி வந்து நின்ற பிறகும் டிவியில் 'வந்துகொண்டிருக்கிறது' என்று காட்டுகிறது, சீக்கிரம் மாற வேண்டும் என்று ஒருவர் கமிட்டியில் சத்தம் போட்டார். அதனால் ஐந்தை மூன்று ஆக்கினார்கள். சத்தம் போட்டது நான்தான். மூன்று மாதம் யாருக்கும் தோன்றவில்லை, ஏனென்றால் டிவிக்கும் ரசீதுக்கும் என்ன சம்பந்தம்? பராமரிப்பில் முதல் கேள்வி, 'கடைசியாக எதை மாற்றினீர்கள்?' என்பது. முப்பது வருடம் அதை மற்றவர்களைக் கேட்டவன், என்னை நான் கேட்டுக்கொள்ளவில்லை.

சரிசெய்தது சுலபம். டிவி நிரலில் வேலை முடிந்ததும் இணைப்பை மூட இரண்டு வரி. ரசீதும் நிலுவையும் ஒரே இணைப்பில், ஒரே பரிவர்த்தனையாக. இரண்டும் நடக்கும், அல்லது இரண்டும் நடக்காது. கையால் எழுதும் ரசீதின் எண்ணையும் சேர்த்துப் பதிய வேண்டும், ஒரே எண் இரண்டு தடவை வந்தால் டேட்டாபேஸே மறுத்துவிடும்.

ஒரு அவசரக் காரியமும் செய்தோம். எட்டு மணி நேரம் எதற்கு என்று, உறங்கும் இணைப்பைப் பத்து நிமிடத்தில் வெட்டும்படி வைத்தோம். மறுநாள் விடியற்காலை 4.40-க்குக் கேட்டிலிருந்து போன். பால் வேன் வந்து நிற்கிறது, பதிவு ஏறவில்லை, 2006. நள்ளிரவுக்குப் பிறகு கேட்டில் யாரும் வராத நேரத்தில் அதன் இணைப்பு வெட்டப்பட்டுவிட்டது, கேட் மென்பொருளுக்கு அது தெரியாது. பிறகு கேட் மென்பொருள் ஒவ்வொரு தடவையும் 'இணைப்பு உயிரோடு இருக்கிறதா' என்று பார்த்து, இல்லாவிட்டால் புதிதாகப் பிடிக்கும்படி மாற்றினோம். வெட்டும் நேரத்தை ஒரு மணி ஆக்கினோம். ஒரு எண்ணை மாற்றினால் அது வேறு எங்கே இடிக்கும் என்று பார்க்காமல் மாற்றியதற்குப் பால்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இரண்டு வாரம் நோட்டு வெறுமையாக இருந்தது. மூன்றாவது ஞாயிறு, கமிட்டிக் கூட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே முன் கேட்டில் பிழை. எண் 2003. எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ஆனால் எண் வேறு, ஆகவே நோயும் வேறு. எண்ணைக் காட்டச் சொல்லியிருக்காவிட்டால் 'பழையது திரும்பி வந்துவிட்டது' என்று டிவி நிரலையே மறுபடி குடைந்திருப்போம்.

கேட் கணினியிலிருந்து சர்வரின் முகவரிக்குப் பிங் கொடுத்தோம். பதில் வருகிறது! ஆள் இருக்கிறார், ஆனால் 3306 என்ற கதவு மூடியிருக்கிறது என்கிறார். சர்வரில் போய்ப் பார்த்தால் கதவு திறந்தே இருக்கிறது. அப்படியானால் பதில் சொன்னது யார்? தம்பி ஏஆர்பி பட்டியலைப் பார்த்தார். அந்த முகவரியில் இப்போது எந்த நெட்வொர்க் அட்டை பதில் சொல்கிறது என்று அதில் தெரியும். அது நம் டப்பாவின் அட்டை இல்லை.

சர்வருக்கு 192.168.1.10 என்று கையால் எண் வைத்திருந்தோம். அலுவலக வைஃபை ரவுட்டருக்கு அது தெரியாது. 2-லிருந்து 254 வரை வருகிறவர்களுக்கெல்லாம் எண் வாரி வழங்க அதற்கு அனுமதி இருந்தது. அன்று காலை கரண்ட் போய் வந்திருக்கிறது. ரவுட்டர் பழைய பட்டியலை மறந்துவிட்டது. கூட்டத்துக்கு வந்த ஒருவரின் செல்போனுக்கு அதே 10-ஐத் தூக்கிக் கொடுத்துவிட்டது. ஒரே கதவு எண் இரண்டு வீட்டுக்கு இருந்தால் தபால்காரர் என்ன செய்வார்? ஒரு நாள் இங்கே, ஒரு நாள் அங்கே. யாருடைய போன் என்று கண்டுபிடிக்கத்தான் நேரமானது. இப்போதைய போன்கள் வைஃபைக்குத் தங்கள் உண்மையான அட்டை எண்ணைக் காட்டாமல் ஒரு பொய் எண்ணைக் காட்டுகின்றன. அதனால் கூட்டத்திலிருந்த ஒவ்வொருவரையும் வைஃபையை அணைக்கச் சொல்லி, ஏழாவது ஆளிடம் பிடித்தோம். அவர் இப்போது முன் வரிசையில் சிரித்துக்கொண்டிருக்கிறார், பெயர் சொல்ல மாட்டேன். ரவுட்டர் இனி 100-க்கு மேல்தான் கொடுக்கும். அதற்குக் கீழே உள்ள எண்கள் நம் சாதனங்களுக்கு மட்டும்.

இதே போல உங்களுக்கும் வந்தால் வட்டு நிரம்பியிருக்கிறதா என்பதையும் ஒரு நிமிடம் பாருங்கள். எழுத இடமில்லாத டேட்டாபேஸும் விசித்திரமாக நடந்துகொள்ளும். நமக்கு அது இல்லை, ஆனால் கேமரா பதிவையும் அதே டப்பாவில் போடலாம் என்று ஒரு யோசனை போன மாதம் வந்தது. அதை நான் எதிர்க்கிறேன், நிகழ்ச்சிக் குறிப்பில் எழுதிக்கொள்ளுங்கள்.

அலுவலக அம்மாவின் ஜூன் சம்பளத்தில் பிடித்த 2,000 ரூபாயை இந்த மாதம் முதல் தேதியே திருப்பிக் கொடுத்தாயிற்று. தீர்மானம் ரத்து என்று கமிட்டி எழுத்தில் கொடுத்திருக்கிறது. ஆனால் அந்தத் தீர்மானம் வந்தபோது வாட்ஸ்அப் குழுவில் எத்தனை பேர் என்னென்ன எழுதினோம் என்பது எழுதியவர்களுக்குத் தெரியும். ரத்தான செய்தி வந்தபோது இரண்டு கட்டைவிரல்தான் விழுந்தது. கமிட்டி அறையில் நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவரைச் சந்தேகித்தது இந்த அரங்கம் முழுவதும் என்பதால் இங்கே, உங்கள் முன்னால் இன்னொரு தடவை கேட்கிறேன். அம்மா, தவறு எங்களுடையது. நீங்கள் நோட்டை எழுதாமல் இருந்திருந்தால் இன்னும் அந்தப் பணத்தைப் பிடித்துக்கொண்டுதான் இருப்போம்.

டிவி மறுபடி ஐந்து நிமிடத்துக்கு மாற்றப்பட்டிருக்கிறது. இணைப்பை மூடிவிட்டதால் மூன்றாகவே இருந்தாலும் கெடுதல் இல்லை, ஆனாலும் நானே கேட்டு மாற்றச் சொன்னேன். லாரி வந்தால் ஹாரன் கேட்கத்தான் செய்கிறது. நாற்பது பக்க நோட்டு அலுவலக மேசையின் இடது டிராயரில் இருக்கிறது. பிழை எதைப் பார்த்தாலும், நேரத்தோடும் எண்ணோடும் யார் வேண்டுமானாலும் எழுதலாம். பேனாவை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள், இது மூன்றாவது பேனா.